வெடித்த விண்மீனின் முன்கதை: நுங்கம்பாக்கத்திலிருந்து காவலூர் வரை

வரலாறு என்றாலே நமக்கு ஏடு, கல்வெட்டு, நாணயம், கடிதம் என்றுதான் ஞாபகம் வரும். எழுதி வைத்தவர் ஒருவர் இருந்தால்தான் பின்னால் படிப்பவருக்கு ஏதாவது கிடைக்கும் என்று வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் எழுதுபவர் யாருமே இல்லாமல், இறந்துபோன ஒன்றின் கடைசிக் காலத்தைத் தேதிவாரியாகப் படிக்க முடியும் என்றால் நம்புவீங்களா? சூப்பர்நோவா எனப்படும் மீயொளிர் விண்மீன் வெடிப்பில் வானியலாளர்கள் செய்வது அதைத்தான். அந்த வாசிப்பை மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான், அதில் தமிழ் மண்ணில் இருந்த ஒரு நிலையத்துக்கு என்ன பங்கு என்பதைப் பற்றியது இக்கட்டுரை. படிவம் 4, 5 மாணவர்களுக்கு வாசிப்புப் பகுதியாகவும், அறிவியல் சார்ந்த கட்டுரைக்கு முன்மாதிரியாகவும் ஆசிரியர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வானியல் என்றாலே "நம்ம முன்னோர்களுக்கு எல்லாம் அப்பவே தெரியும்"னு ஒரு செய்தி கைப்பேசியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாணவர்களும் அதை அப்படியே கட்டுரையில் எழுதிவிடுகிறார்கள். சான்று கேட்டால் பதில் இருக்காது. சான்றோடு சொல்லக்கூடிய உண்மையான கதை நம்மிடம் இருக்கும்போது ஆதாரமில்லாத பெருமை எதற்கு?

கம்பெனிக் காலத்து ஆய்வகம்

பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய அதே 1786ஆம் ஆண்டில், மதராஸ் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி தம் வீட்டு வளாகத்தில் சொந்தமாக ஒரு வானாய்வகம் வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பியது. காரணம் வானத்தின் மீது இருந்த ஆசை மட்டுமல்ல; கப்பல்தான். மதராஸிலிருந்து பினாங்கு, மலாக்கா, சீனா என்று ஓடிய கப்பல்களுக்கு இடம் கணிக்கவும் நேரம் கணிக்கவும் விண்மீன் அளவுகள் தேவைப்பட்டன. கருவியைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்திய கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு பொறித்திருக்கிறார்கள். அந்தத் தூண் இன்னும் அந்த வளாகத்தில் நிற்கிறது.

அங்கே நார்மன் போக்சனின் கீழ் முதன்மை உதவியாளராக வேலை செய்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணக்கை நேரில் பார்த்த வானத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்த வேண்டும் என்று வாதிட்டவர் அவர். 1867இல் தென்வானத்தில் ஒரு விண்மீனின் ஒளி கூடியும் குறைந்தும் மாறுவதைக் கண்டுபிடித்தார். அதற்கு இன்று ஆர் ரெட்டிகுலி என்று பெயர். 1872இல் லண்டனிலுள்ள அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

அது வெடித்த விண்மீன் அல்ல. ஆனால் நம் கதைக்கு வேண்டியது அதில் இருக்கிறது. அது மீரா வகையைச் சேர்ந்தது. அதாவது வயதான சிவப்பு விண்மீன். ஊதிப்பெருத்து, சுருங்கி, மறுபடி ஊதி, ஒவ்வொரு முறையும் தன் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் வாயுவையும் தூசையும் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். விண்மீன் சாவதற்கு முன்பே தன் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது என்பது ரகுநாதாச்சாரி காலத்தில் யாருக்கும் தெரியாது. அவர் பார்த்தது ஒளி மாறுவதை மட்டும்தான். அதைத் தேதியோடு எழுதி வைத்தார். அதனால்தான் இன்றும் அவர் பெயர் இருக்கிறது.

ஏன் வெடிக்கிறது?

சூப்பர்நோவா என்ற சொல் 1930களில் வால்டர் பாடே, ஃபிரிட்ஸ் சுவிக்கி இருவராலும் புழக்கத்துக்கு வந்தது. சாதாரண விண்மீன் ஒன்று நியூட்ரான் விண்மீனாக மாறும்போது நடக்கும் வெடிப்பு அது என்று அவர்கள் 1934இல் எழுதினார்கள்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1930இல், மதராஸ் மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீனின் கரு ஓர் எல்லைக்கு மேல் கனமானால் தன் எடையைத் தானே தாங்க முடியாது என்பது அவர் போட்ட கணக்கு. சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்த எல்லை. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சூரியனைவிட எட்டு, பத்து மடங்கு கனமான விண்மீனில் ஹைட்ரஜன், ஹீலியம், கார்பன், நியான், ஆக்சிஜன், சிலிக்கான் என்று ஒவ்வொன்றாக எரிந்து கடைசியில் நடுவில் இரும்பு சேர்கிறது. இரும்பை எரித்து ஆற்றல் எடுக்க முடியாது. இரும்புக் கரு அந்த எல்லையை நெருங்கியதும் ஒரு நொடிக்குள் உள்ளே சரிகிறது. வெளிப்பகுதி நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சிதறுகிறது.

இதுவரைக்கும் கதை கருவைப் பற்றியதுதான். விண்மீனுக்கு வெளியே என்ன இருந்தது என்ற கேள்வி பின்னால்தான் வந்தது.

பின்னோக்கிப் படிக்கும் ஏடு

1979இல் எம்100 என்ற விண்மீன்மண்டலத்தில் ஒரு வெடிப்பு தெரிந்தது. எஸ்என் 1979சி என்பது அதன் பெயர். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலுள்ள ரேடியோ தொலைநோக்கிகள் அதிலிருந்து பலமான ரேடியோ அலைகளைப் பிடித்தன. வெறும் வெளியில் சிதறும் வாயு அப்படி ரேடியோ அலை வீசாது. எதன் மீதாவது மோத வேண்டும். 1982இல் ரோஜர் செவாலியர் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். விண்மீன் உயிரோடு இருந்தபோது வீசிய காற்று சுற்றிலும் பரவிக் கிடக்கிறது, வெடித்த பொருள் அதன் மீது மோதுகிறது, அந்த மோதலில்தான் ரேடியோ அலையும் எக்ஸ் கதிரும் பிறக்கின்றன என்பதே அவர் விளக்கம்.

இதைப் பினாங்கு மாணவர்களுக்குச் சொல்வது சுலபம். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்கு நாள் முழுக்க ஜனங்கள் நடந்து போய்க்கொண்டே இருப்பார்கள், இல்லீங்களா? காலையில் கிளம்பியவர் மலையடியை நெருங்கியிருப்பார். இப்பத்தான் கிளம்பியவர் அடுத்த முனையில் நிற்பார். எல்லாரும் போன பிறகு ஒருவர் அதே வழியில் மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் யாரைத் தாண்டுவார்? கடைசியாகக் கிளம்பியவரைத்தான். போகப் போக, முன்னால் கிளம்பியவர்களை ஒவ்வொருவராகத் தாண்டுவார். எந்த இடத்தில் கூட்டம் அடர்த்தி, எங்கே ஆள் இல்லை என்று அவர் குறித்துக்கொண்டே போனால், எந்த மணிக்கு எத்தனை பேர் கிளம்பினார்கள் என்பதைப் பின்னோக்கிக் கணித்துவிடலாம்.

விண்மீனிலும் இதுதான் நடக்கிறது. வயதான சிவப்பு விண்மீனின் காற்று நொடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வெடிப்பில் சிதறும் பொருள் நொடிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர். ஆயிரம் மடங்கு வித்தியாசம். அப்படியானால், வெடிப்புக்கு 1000 ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய வாயுவை ஓராண்டில் எட்டிப் பிடித்துவிடும். 10 ஆண்டுகளுக்கு முன் கிளம்பியதை நான்கே நாளில் பிடித்துவிடும். வெடித்த பிறகு நாம் கவனிக்கும் ஒவ்வொரு நாளும், வெடிப்பதற்கு முந்தைய ஏறத்தாழ மூன்று ஆண்டுகளின் கதை. அதுவும் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்தை நோக்கி!

முதல் நான்கு நாளைத் தவறவிட்டால் கடைசிப் பத்து ஆண்டுகளின் பக்கம் கிழிந்துபோகும். அதை மறுபடி ஒட்ட முடியாது. வானியலாளர்கள் புதிய வெடிப்பு என்றதும் ராத்திரியோடு ராத்திரியாக ஓடுவது இதனால்தான்.

1990இல் எரிக் ஷ்லேகல் ஒரு தனி வகையைப் பிரித்துக் காட்டினார். சில வெடிப்புகளின் நிறமாலையில் அகலமான கோடுகளோடு ஒடுங்கிய கோடுகளும் தெரிந்தன. வேகமாகச் சிதறும் வாயு கோட்டை அகலமாக்கும். மெதுவாகப் போகும் வாயு ஒடுங்கிய கோட்டைத் தரும். ஒடுங்கிய கோடு என்றால் வெடிப்பைச் சுற்றி அடர்த்தியான பழைய வாயு இருக்கிறது என்று பொருள். அந்த வகைக்கு IIஎன் என்று பெயர் வைத்தார்கள்.

1987: காவலூரின் அடிவானம்

நுங்கம்பாக்கத்து ஆய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது. அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய இந்திய வானியற்பியல் நிறுவனம். மதராஸில் பிறந்த வைணு பாப்பு, இரவு வானத்துக்கு நல்ல இடம் தேடி, ஜவ்வாது மலையில் சந்தன மரங்கள் நிறைந்த காட்டுக்கு நடுவே காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1960களின் கடைசியில் உள்ளூரிலேயே செய்த சிறிய தொலைநோக்கியோடு அங்கே வேலை ஆரம்பித்தது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. பாப்பு 1982இல் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டு அவர் பெயரைப் பெற்றது.

காவலூர் இருப்பது வடக்கு 12.6 பாகை அட்சரேகையில். பூமத்தியரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவின் பெரும்பகுதிக்கும் தெரியாத தென்வானம் அங்கே தெரியும். அந்தத் தேர்வின் பலன் மறு ஆண்டே கிடைத்தது.

1987 பிப்ரவரி 23, 24 தேதிகளில் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது தெரியவந்தது. எஸ்என் 1987ஏ. தொலைவு சுமார் 1,68,000 ஒளியாண்டு. 1604க்குப் பிறகு வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த முதல் சூப்பர்நோவா அது. ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்று இடங்களில் பூமிக்கடியில் இருந்த கருவிகள் சுமார் 24 நியூட்ரினோக்களைப் பதிவு செய்தன. கரு சரிகிறது என்ற கணக்கு அதனால் உறுதியானது.

அந்த வெடிப்பு இருந்தது வானத்தின் தெற்குக் கோடியில். காவலூரில் அது அடிவானத்துக்கு மேல் அதிகபட்சம் 8 பாகைதான் ஏறும். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த முஷ்டியின் உயரம் சுமார் 10 பாகை, அதற்கும் கீழே! அவ்வளவு தாழ்வில் தடிமனான காற்று, தூசி, ஈரம் எல்லாவற்றையும் தாண்டித்தான் ஒளி வர வேண்டும். அப்படியிருந்தும் காவலூரிலிருந்து அதன் நிறமாலையைப் பதிவு செய்தார்கள். துஷார் பிரபு, ஜி.சி. அனுபமா உள்ளிட்டோர் அந்தப் பணியில் இருந்தார்கள். முடிவுகள் அதே ஆண்டில் வெளிவந்தன. அனுபமா பின்னாளில் இந்திய வானியல் கழகத்தின் முதல் பெண் தலைவரானார்.

நம் ஜார்ஜ்டவுனில் கணக்குப் போட்டுப் பார்த்தால், அது 15 பாகை வரை ஏறியிருக்கும். அதாவது காவலூரைவிட நமக்கு வசதி அதிகம். வசதி இருந்தால் மட்டும் போதாது, பார்த்துப் பதிவு செய்ய நிலையமும் ஆளும் வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

முத்துமாலை

வெடித்த சில மாதங்களில் விண்வெளியில் இருந்த ஐயூஈ செயற்கைக்கோள் அந்த இடத்தில் ஒடுங்கிய புற ஊதாக் கோடுகளைக் கண்டது. அவற்றில் நைட்ரஜன் அதிகம். விண்மீனின் வயிற்றுக்குள் சமைந்த பொருள் அது. வெளியிலிருந்து வந்த சாதாரண வாயு அல்ல. 1990இல் ஹபிள் தொலைநோக்கி படம் எடுத்தபோது அழகான ஒரு வளையம் தெரிந்தது. பிறகு வெளியே மேலும் இரண்டு வளையங்கள் தெளிவாயின. உள் வளையம் வெடிப்புக்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் விண்மீனிலிருந்து பிரிந்தது. இரண்டு விண்மீன்கள் ஒன்றோடொன்று கலந்தபோது அது உண்டாகியிருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

அப்புறம் எல்லாரும் காத்திருந்தார்கள். சிதறிய பொருள் வளையத்தை எப்போது தொடும்? 1990களின் நடுவில் வளையத்தில் ஒரே ஒரு புள்ளி பளிச்சிட்டது. அடுத்தடுத்து மற்ற புள்ளிகளும் எரிய ஆரம்பித்து, பத்தாண்டுக்குள் வளையம் முழுக்க முத்துமாலை மாதிரி ஆனது. அந்த மோதலின் எக்ஸ் கதிர்களைத் தொடர்ந்து கவனித்த விண்வெளித் தொலைநோக்கியின் பெயர் சந்திரா. கப்பலில் கணக்குப் போட்ட அந்தச் சந்திரசேகரின் பெயர்தான்! இப்போது அதிர்வலை வளையத்தைத் தாண்டிவிட்டது. முத்துகள் மங்கி வருகின்றன. இனி அது தொடுவது இன்னும் பழைய பக்கங்களை.

2023: முதல் நாட்களின் சாட்சி

2023 மே 19 அன்று ஜப்பானின் இதகாகி கொயிச்சி, எம்101 என்ற விண்மீன்மண்டலத்தில் ஒரு புதிய வெடிப்பைக் கண்டுபிடித்தார். எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப். தொலைவு சுமார் 2.2 கோடி ஒளியாண்டு. சில மணி நேரத்திலேயே உலகம் முழுக்கத் தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. லடாக்கின் ஹான்லேயில் 4500 மீட்டர் உயரத்திலுள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கியும், ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் அதைத் தொடர்ந்து பார்த்தன. ஹான்லே தொலைநோக்கியை நடத்துவது அதே இந்திய வானியற்பியல் நிறுவனம். ரகுநாதாச்சாரி வேலை பார்த்த நுங்கம்பாக்கத்தின் வாரிசு என்று சொல்லலாம்.

முதல் சில நாட்களின் நிறமாலையில் ஒடுங்கிய கோடுகள் தெரிந்தன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் மறைந்தன. மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் பொருள் விளங்கும். அடர்த்தியான வாயு விண்மீனுக்கு மிக அருகில் மட்டும் இருந்திருக்கிறது. வேகமாகச் சிதறிய பொருள் சில நாளில் அதை விழுங்கிவிட்டது. அப்படின்னா அந்த விண்மீன் தன் கடைசிச் சில ஆண்டுகளில் வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தன் பொருளை வெளியே தள்ளியிருக்கிறது. ஏன்? கரு இன்னும் சரியவில்லை, மேற்பரப்புக்கு அது எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. கருவில் கடைசிக் கட்ட எரிதலின் கொந்தளிப்பு அலையாக மேலே வந்து தோலை உதறுகிறது என்பது ஒரு கருத்து.

நம் திருவாதிரை

வெடிப்பதற்கு முன் 2023ஐஎக்ஸ்எஃப் இருந்தது சிவப்பு மீப்பெரு விண்மீனாக. அதே வகையில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று திருவாதிரை. ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ் என்பார்கள்.

2019 கடைசியில் திருவாதிரை மங்க ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே போனது. அந்த ஜனவரியில் ஆருத்ரா தரிசனத்துக்குக் கோவிலில் நின்றவர்களுக்கு மேலே இருந்தது, மங்கிய திருவாதிரை. வெடிக்கப்போகிறதா என்று உலகமே கேட்டது. வெடிக்கவில்லை. விண்மீன் தானே வெளியே விட்ட வாயு குளிர்ந்து தூசியாகி நம் பார்வையை மறைத்தது என்று 2021இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒளி பழையபடி திரும்பியது. அது வெடிக்க ஒரு லட்சம் ஆண்டுகூட ஆகலாம். ஆனால் வெடிக்கும் நாளில், இன்று அது விட்டுக்கொண்டிருக்கும் இந்தத் தூசியும் படிக்கப்படும் ஏட்டில் ஒரு வரியாக இருக்கும்.

வகுப்பறைக்கு

தை, மாசி மாதங்களில் இரவு 10 மணி வாக்கில் பினாங்கில் திருவாதிரை ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே வரும். மாணவர்களை வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லி, பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் ஒளியை நாள், மணி குறித்து இரண்டு வரி எழுதச் சொல்லலாம். கருவி வேண்டாம், செலவும் இல்லை. மூன்று மாதம் கழித்து அந்தக் குறிப்புகளை வைத்து ஒரு விளக்கக் கட்டுரை எழுத வைக்கலாம். தைப்பூச உவமையை எடுத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள் எத்தனை மணிக்கு யாரைத் தாண்டும் என்று கணக்கும் போடச் சொல்லலாம்.

கட்டுரையில் "முன்னோர் எல்லாம் அறிந்தனர்" என்று எழுத வரும் மாணவரிடம், "யார், எந்த ஆண்டில், எங்கிருந்து, எதைப் பார்த்தார்?" என்று நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். ரகுநாதாச்சாரிக்கு அந்த நான்குக்கும் பதில் உண்டு: 1867, மதராஸ், ஒளி மாறும் ஒரு தென்வான விண்மீன். அந்த ஒரு வரி, ஒரு பக்கப் பெருமைப் பேச்சைவிடக் கனமானது என்பதை மாணவர்களே உணர்வார்கள்.